சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறீர்களா? இலங்கையிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

வீட்டில் ஒருவருக்குப் பெரிய வருத்தம் என்று ஊருக்குத் தெரிந்தால் போதும், பார்க்க வருகிற ஆட்களில் ஒருவராவது “சென்னைக்குக் கொண்டு போங்கோ” என்று சொல்லாமல் போகமாட்டார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணம் பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கலாம். கொழும்புக்கு பஸ்ஸில் போக ஓர் இரவு வேண்டும். தமிழில் கதைக்கலாம், சோறு கிடைக்கும், லொட்ஜ் கிடைக்கும். அதனாலேயே பலருக்கு இது வெளிநாட்டுப் பயணம் என்ற நினைப்பே வருவதில்லை. ஆனால் வைத்தியத்தைப் பொறுத்தவரை சென்னை முழு வெளிநாடு. சட்டம் வேறு, மருந்தின் பெயர் வேறு, உங்கள் பத்து வருட வருத்தத்தைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாத டொக்டர்.

சொந்தக்காரருக்குத் துணையாகப் போய் வந்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஒப்பரேஷன் தியேட்டருக்குள் நடக்கிற வேலை பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது. சிக்கல் வருவது கைமாறுகிற இடங்களில். ஊர் டொக்டரிடமிருந்து சென்னை டொக்டருக்கு, வாட்டிலிருந்து லொட்ஜுக்கு, சென்னையிலிருந்து திரும்ப ஊருக்கு. இந்த இடங்களில் பொறுப்பு எடுக்க ஒருவரும் இல்லை. அந்த வேலை நோயாளியினதும் கூடப் போகிறவரினதும் தலையில்தான் விழுகிறது. அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

போகத்தான் வேண்டுமா?

விசாவைப் பற்றி யோசிக்குமுன் இங்கே ஒரு விசேட வைத்திய நிபுணரைப் பாருங்கள். மூன்று கேள்விகள் போதும். இது என்ன வருத்தம் என்று உறுதியாகிவிட்டதா? இதை யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ கொழும்பிலோ செய்ய முடியாதா? எவ்வளவு காலம் பொறுக்கலாம்? பித்தப்பைக் கல்லுக்கும் ஹேர்னியாவுக்கும் கண்புரைக்கும் கடல் கடக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் நம் அரசாங்க வைத்தியசாலைகளில் காசில்லாமல் செய்கிற வேலை. கியூவில் நிற்க மனமில்லாமல் போவது அவரவர் விருப்பம். ஆனால் பிறகு புண் பழுத்தால் அதே அரசாங்க வைத்தியசாலைக்குத்தான் வரவேண்டியிருக்கும்.

இன்னொரு பக்கம் முற்றிய புற்றுநோய். காணியை ஈடு வைத்துக் கொண்டுபோகிறார்கள். கொண்டுபோகுமுன் டொக்டரிடம் தனியாக, நேராகக் கேளுங்கள்: சுகமாக்கவா போகிறோம், நாட்களைக் கூட்டவா, நோவைக் குறைக்கவா? நோவைக் குறைக்கிற வைத்தியம் இங்கேயே இருக்கிறது. அந்தப் பதிலைக் கேட்டபிறகும் போவதானால் போங்கள், ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.

கொண்டுபோக வேண்டிய கடதாசிகள்

நம் டயக்னோசிஸ் கார்ட் நாலு வரியில் முடிந்துவிடும். கிளினிக் கொப்பியோ அந்த வாட்டுக்காரருக்கே வாசிக்கக் கஷ்டம். இரண்டையும் கொண்டுபோங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உங்கள் நிபுணரிடம் கேட்டு, தட்டச்சில் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: என்ன வருத்தம், எப்போது தொடங்கியது, என்ன செய்தோம், எதற்காக அனுப்புகிறோம். கடைசி வரியில் “சிகிச்சை முடிந்தபின் தொடர்ந்து நான் பார்ப்பேன்” என்று அவர் எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதத்தின் பெறுமதி இரண்டு மடங்கு.

ஸ்கான் என்றால் ரிப்போர்ட்டும் ஃபிலிமும் காணாது. படங்கள் பதிந்த சீடி வேண்டும். கட்டியில் துண்டு எடுத்துச் சோதித்திருந்தால், சோதித்த இடத்தில் கேட்டு, அந்தத் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகட்டையும் வாங்கிச் செல்லுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சென்னையில் புற்றுநோய் பார்க்கிறவர்கள் அந்தத் துண்டைத் தாங்களே மறுபடி பார்க்காமல் மருந்து தொடங்க விரும்பமாட்டார்கள். அது கையில் இல்லாவிட்டால் திரும்பவும் ஊசி போட்டுத் துண்டு எடுக்கவேண்டி வரும்.

மருந்துகளுக்கு, பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கிற கொம்பனிப் பெயரை எழுதாமல், அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக்கொள்ளுங்கள். கொம்பனிப் பெயர் கடல் கடந்தால் மாறிவிடும். ஒவ்வாமை, இரத்த வகை, பழைய ஒப்பரேஷன், நாட்டு மருந்து ஏதும் எடுத்தால் அதுவும் பட்டியலில் வரட்டும். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுக்கிறவர்கள், ஒப்பரேஷன் வருகிறதே என்று தாங்களாகவே அதை நிறுத்தக்கூடாது. எப்போது நிறுத்துவது என்பதை எழுதி வாங்குங்கள். இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த ஒருவர் பயணத்துக்கு முதல் வாரமே தானாக நிறுத்திவிட்டு விமானம் ஏறுவது சின்னக் காரியமல்ல.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஊரில் இருக்கிற ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். அசல்கள் கையோடு வைத்திருக்கிற பையில்தான் இருக்கவேண்டும்.

யாரிடம் போவது

“அம்மா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, எல்லாம் நான் பாத்துத் தாறன்” என்று ஒரு முகவர் சொன்னால், கொஞ்சம் யோசிக்கவே வேண்டும். அவருடைய காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. நோயாளியை அனுப்பிவைப்பதற்காக டொக்டர்கள் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் இந்திய மருத்துவ ஒழுக்க விதிகளின்படி குற்றம். அப்படியிருந்தும் லொட்ஜ் வாசலிலும் ஓட்டோவிலும் அந்த வியாபாரம் நடக்கிறது. நல்ல முகவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் கட்டணத்தை முதலிலேயே சொல்வார்கள், வைத்தியசாலையோடு நீங்கள் நேரே கதைப்பதைத் தடுக்கமாட்டார்கள். தடுத்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பெரிய வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் வெளிநாட்டு நோயாளர் பிரிவு ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தையும் ரிப்போர்ட்டுகளையும் மின்னஞ்சலில் நேரே அதற்கு அனுப்புங்கள். வேலூர் சி.எம்.சி, அடையாறு புற்றுநோய் நிலையம், கண்ணுக்குச் சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்றவை இலாபநோக்கின்றி நடக்கிற பழைய நிறுவனங்கள். அங்கே கூட்டமும் காத்திருப்பும் அதிகம் என்பதைக் கணக்கில் எடுத்து நாட்களைத் திட்டமிடுங்கள்.

என்.ஏ.பி.எச், ஜே.சி.ஐ என்ற தரச் சான்றுகளைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். முதலாவது இந்தியாவினுடையது, இரண்டாவது அமெரிக்காவைத் தளமாகக் கொண்டது. கை கழுவுதல், மருந்துக் களஞ்சியம், பதிவேடு, தீப் பாதுகாப்பு போன்ற நடைமுறைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று வெளியாட்கள் வந்து பார்த்ததற்கான அத்தாட்சி அது. இருப்பது நல்லது. ஆனால் உங்களுக்குக் கத்தி வைக்கப்போகிற ஆள் கெட்டிக்காரரா என்பதை அது சொல்லாது. டொக்டரின் பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டிலோ, தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலோ தேடிப்பாருங்கள்.

பிறகு எழுத்தில் கேட்க வேண்டியவை: ஒப்பரேஷனைச் செய்யப்போவது யார், நாம் பார்க்கிற அதே டொக்டரா? இதே ஒப்பரேஷனை அவர் வருடத்தில் எத்தனை செய்கிறார்? சொல்கிற தொகைக்குள் என்ன அடக்கம்? தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் கூடினால், இரத்தம் ஏற்றினால், இரண்டாம் முறை திறக்க வேண்டி வந்தால் எவ்வளவு? கடைசிக் கேள்விக்குத்தான் பதில் மழுப்பலாக வரும். விடாமல் கேளுங்கள். “பக்கேஜ்” என்று சொல்லப்படுகிற தொகை எல்லாம் சரியாகப் போனால் வருகிற தொகை. கையில் அதைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். திட்டமிட்ட சிகிச்சைக்கும் அதனால் வருகிற சிக்கலுக்கும் பயணக் காப்புறுதி பொதுவாகக் காசு தராது.

சிறுநீரகம் மாற்றுவதென்றால்

இதைத் தனியாகச் சொல்லவேண்டும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் வந்த குடும்பங்களிடம் “ஆள் அங்கேயே எடுக்கலாம், காசைக் கட்டினால் சரி” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இந்தியாவின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது, 2011இல் திருத்தப்பட்டது. அதன்படி வெளிநாட்டு நோயாளிக்கு இந்தியர் ஒருவர் உயிரோடிருக்கும்போது சிறுநீரகம் கொடுக்க முடியாது, இருவரும் நெருங்கிய இரத்த உறவாகவோ கணவன் மனைவியாகவோ இருந்தாலன்றி. பெற்றோர், பிள்ளைகள், சகோதரர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், கணவன் மனைவி, அவ்வளவுதான் சட்டம் சொல்கிற நெருங்கிய உறவு. மாமா மச்சான் கணக்கில் வராது. உறுப்பை விற்பதற்கும் வாங்குவதற்கும் தரகு பார்ப்பதற்கும் 5 முதல் 10 வருடச் சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி இந்திய ரூபாய் வரை அபராதம்.

ஆகவே கொடுப்பவர் உங்கள் வீட்டு ஆளாக இருக்கவேண்டும், அவரும் கூடவே வரவேண்டும். பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, குடும்பப் படங்கள், உறவை உறுதிப்படுத்தித் தூதரகம் தருகிற சான்று, அதற்கு மேல் அனுமதிக் குழுவின் முன் நேர்முகம். இதற்கு வாரக்கணக்கில் எடுக்கும். அந்த வாரங்கள் முழுக்க லொட்ஜ் வாடகையும் டயலிசிஸ் செலவும் ஓடிக்கொண்டிருக்கும். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குத் தமிழ்நாட்டில் அரசின் உறுப்பு மாற்று ஆணையத்திடம் பதியலாம், ஆனால் அந்த வரிசையில் இந்தியக் குடிமக்கள் எல்லோருக்கும் பிறகுதான் வெளிநாட்டவர்.

பொய்ச் சான்றிதழில் “தம்பி” ஆக்கப்பட்ட ஒருவரோடு போனால் பொலிஸ் மட்டும் பிரச்சினை அல்ல. களவாக நடக்கிற மாற்றில் கொடுப்பவரை ஒழுங்காகச் சோதிப்பதில்லை. கல்லீரல் அழற்சியும் எச்.ஐ.வியும் அந்த வழியாக வந்த கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. இது இந்தியாவின் பிரச்சினை மட்டும் என்று நினைக்கவேண்டாம். 2016 தொடக்கத்தில், இந்தியப் பொலிசார் விசாரித்த ஒரு சிறுநீரக வியாபாரம் கொழும்பு வரை நீண்டபோது, வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் மாற்றுவதை நம் சுகாதார அமைச்சே நிறுத்தியது.

விசாவும் காசும்

திட்டமிட்ட ஒப்பரேஷனுக்கு மருத்துவ விசாவிலேயே போங்கள். இணையவழியில் எடுக்கிற இ-மருத்துவ விசா இறங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குச் செல்லும், மூன்று தடவை நுழையலாம். துணைக்கு இரண்டு பேருக்கு அட்டெண்டர் விசா கிடைக்கும். நீண்டகாலச் சிகிச்சை என்றால் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள இந்தியத் தூதரக வழியாக வழமையான மருத்துவ விசாவுக்குப் போடுங்கள். உறுப்பு மாற்று என்றால் மருத்துவ விசா இல்லாமல் நடக்காது. வைத்தியசாலை தருகிற விசாக் கடிதத்தில் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அரசாங்கத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கிற தனியார் தளங்கள் காசு பறிக்கின்றன, கவனம்.

காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பலில் போவதானால், கையிலிருக்கிற விசா அந்தத் துறைமுகத்தில் செல்லுமா என்று முதலே கேளுங்கள். மாரியில் கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது. ஒப்பரேஷன் திகதியைக் கப்பலை நம்பி எடுக்காதீர்கள்.

5,000 அமெரிக்க டொலருக்கு மேல் நோட்டாகக் கொண்டுபோனால் இறங்கும்போது சுங்கத்தில் அறிவித்துப் படிவம் வாங்கவேண்டும். இந்தியாவில் ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ காசாக வாங்குவதற்கு 2017 முதல் தடை இருக்கிறது. பெரிய தொகையை வங்கி வழியாகவே அனுப்பும் ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் புறப்படுங்கள். எதைக் கட்டினாலும் வைத்தியசாலைப் பெயரில் ரசீது.

வாட்டுக்குள்

வெளிநாட்டவர் தங்கினால் லொட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்கும் படிவத்தைப் பதியவேண்டும். உறவினர் வீட்டில் தங்கினாலும் இதே கதைதான். பதிந்தாயிற்றா என்று கேட்டு ஒரு பிரதி வைத்திருங்கள். விசா நீட்டிக்க நுங்கம்பாக்கத்தில் இருக்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போகவேண்டி வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வைத்தியசாலையில் பதியும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். நம் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னே வரும், அவர்கள் அதையே நோயாளியின் பெயர் என்று கூப்பிடுவார்கள். ஒரே வாட்டில் இரண்டு சிவலிங்கம் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். பெயரோடு நோயாளர் இலக்கத்தையும் பாடமாக்கிக்கொள்ளுங்கள். மருந்தோ ஊசியோ இரத்தமோ கொண்டுவருகிற ஒவ்வொரு தடவையும் கைப்பட்டியிலுள்ள இலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தாதிமார் கோபிக்கமாட்டார்கள், அது அவர்களுடைய விதியும்கூட.

தமிழ்தானே என்று நம்பி வாயால் சொல்லிவிட்டு இருந்துவிடவும் கூடாது. “நாரி நோகுது, சத்தி வருது” என்றால் இருபத்திரண்டு வயதுத் தாதிக்கு விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போகலாம். இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள், எத்தனை தடவை, எப்போதிருந்து என்று சொல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தடவை வாசியுங்கள். இந்தியக் கடைகளில் இன்சுலின் போத்தல் இரண்டு செறிவில் கிடைக்கிறது: ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு, அல்லது 100 அலகு. 40க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்குச் செம்மஞ்சள் மூடி. என் மாமியின் பையில் ஊரிலிருந்து கொண்டுபோன செம்மஞ்சள் மூடி ஊசிகள் ஒரு கட்டு இருந்தன. லொட்ஜுக்குக் கீழே பார்மசியில் வாங்கிய போத்தலில் சின்னதாக 40 என்று போட்டிருந்தது. அந்த ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 அலகுதான். மறுவளமாக, 100 போத்தலிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் 50 அலகு போய்விடும், ஆள் மயங்கி விழுந்துவிடுவார். போத்தலும் ஊசியும் ஒரே கடையில், ஒரே நேரத்தில், ஒரே இலக்கத்தில் வாங்குங்கள்.

ஒப்பரேஷனுக்குச் சம்மதக் கடதாசியில் கையெழுத்துப் போடுவது நோயாளி. சுயநினைவோடு இருக்கிற ஒருவருக்காக மகனோ தாயோ போடுகிற கையெழுத்துச் செல்லாது. ஒரு பெண்ணைச் சோதித்துப் பார்ப்பதற்காக மயக்கிவிட்டு, வெளியே நின்ற தாயிடம் கேட்டுக் கருப்பையை அகற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள், திறந்து பார்த்தால் வேறு என்ன செய்ய நேரிடும் என்று கேளுங்கள். தியேட்டருக்குப் போகுமுன் பெயர், என்ன ஒப்பரேஷன், எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். இது உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த சரிபார்ப்பு முறை. “அதுதானே எழுதியிருக்கு” என்று சலிக்காமல் முழுதாகப் பதில் சொல்லுங்கள். வலது முழங்கால் என்றால் வலது முழங்காலில் மையால் அடையாளம் போட்டிருக்க வேண்டும்.

இரத்தத்தை எப்படி ஏற்பாடு செய்வது என்று முதல் நாளே கேளுங்கள். காசுக்கு இரத்தம் கொடுப்பது இந்தியாவில் 1998 ஜனவரி முதல் தடை. இரத்த வங்கி அறவிடுவது சோதனை, பதப்படுத்தும் கட்டணம் மட்டும். ஏற்றுகிற இரத்தத்துக்கு ஈடாக இரத்தம் கொடுக்க ஆட்களைக் கொண்டுவரச் சொன்னால், ஊருக்குப் புதிய நீங்கள் வாசலில் நிற்கிற தரகரிடம் போகாமல் வெளிநாட்டு நோயாளர் பிரிவிடம் கேளுங்கள். நெகட்டிவ் வகை என்றால் புறப்படுமுன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

எப்போது விமானம் ஏறலாம்

காசு கரைகிறது, விசா முடிகிறது, வீட்டு நினைவு வருகிறது. எல்லாம் சேர்ந்து ஆளை அவசரப்படுத்தும். ஒன்றேகால் மணி நேரம்தானே என்பார்கள். நேரம் குறைவுதான், ஆனால் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைய, உடம்புக்குள் அடைபட்டிருக்கிற காற்று விரியும். துளை போட்டுச் செய்கிற சிறிய ஒப்பரேஷனுக்கு ஓரிரண்டு நாள், வயிற்றைத் திறந்த சாதாரண ஒப்பரேஷனுக்கு நாலைந்து நாள், நெஞ்சைத் திறந்ததற்குக் குறைந்தது பத்து நாள் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற அளவு. உங்களுக்கு எத்தனை என்பதை டொக்டர் எழுதித் தரவேண்டும். விமான நிறுவனமும் அந்தக் கடிதத்தைக் கேட்கும். இடுப்பு, முழங்கால் மாற்றியவர்களுக்குக் காலில் இரத்தம் உறைகிற அபாயம் வாரக்கணக்கில் இருக்கும், அதற்கான மருந்தை நடுவில் விடக்கூடாது.

எல்லாவற்றிலும் கடுமையானது விழித்திரை. விழித்திரை ஒப்பரேஷனில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள். அது முழுதாகக் கரைய வாயுவைப் பொறுத்து இரண்டு முதல் எட்டு வாரம் எடுக்கும். அதற்குள் விமானம் ஏறினால் வாயு விரிந்து கண் பார்வையே போய்விடலாம். பயணமே ஒன்றேகால் மணி என்ற நியாயம் இங்கே எடுபடாது. டொக்டர் சம்மதித்தால் இவர்களுக்குக் கப்பல் நல்ல வழி, கடல் மட்டத்தில் அழுத்தம் மாறாது.

வைத்தியசாலையை விட்டு வெளியே வருமுன் டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே இருந்து வாசியுங்கள். என்ன செய்தார்கள், ஒவ்வொரு மருந்தின் உண்மைப் பெயரும் எத்தனை நாளுக்கு என்பதும், தையல் பிரிக்கிற திகதி, எந்த அறிகுறி வந்தால் யாரைக் கூப்பிடுவது. ஸ்டென்ட், முழங்கால் மூட்டு, கண்வில்லை, பேஸ்மேக்கர் எது வைத்தாலும் அதன் பெட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், தொடர் இலக்கத்தோடு, அந்தக் கடதாசியில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து இங்கே ஒரு எம்.ஆர்.ஐ எடுக்கப் போகும்போது அந்த ஸ்டிக்கரைக் கேட்பார்கள். வெட்டி எடுத்த துண்டின் பரிசோதனை முடிவு இன்னும் வராமலிருந்தால், அது எந்தத் திகதிக்கு வரும், யார் அனுப்புவார் என்பதைப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்தபின் இதை மறந்துவிட்டவர்கள் நிறையப் பேர்.

பிழை நடந்தால்

நோயாளி கேட்டு 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளின் பிரதியைக் கொடுக்கவேண்டும் என்பது இந்திய மருத்துவ விதி. எழுத்தில் கேளுங்கள், கேட்ட கடிதத்தில் முத்திரை வாங்குங்கள். காசு கட்டிப் பெறுகிற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்த்துவிட்டது. இரண்டு வருடத்துக்குள் முறைப்பாடு செய்யலாம், இணையவழியிலும் செய்யலாம். டொக்டரின் நடத்தை பற்றியது என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். உண்மையைச் சொன்னால், ஊரிலிருந்துகொண்டு இந்த வழக்குகளை நடத்துவது மிகக் கஷ்டம். அதனால்தான் இவ்வளவு கேள்வியையும் முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன். தகராறு முற்றினாலோ, கடவுச்சீட்டுத் தொலைந்தாலோ, ஆள் இறந்து உடலைக் கொண்டுவர வேண்டி வந்தாலோ சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போங்கள். லொட்ஜில் இரவில் ஆபத்து என்றால் 108. இங்கத்தைய 1990 போல அதுவும் காசில்லாத அம்புலன்ஸ்தான்.

ஊருக்கு வந்தபின்

ஒரு வாரத்துக்குள் கடிதம் தந்த நிபுணரைப் பாருங்கள். வேறு எதற்காக வைத்தியசாலை போனாலும் “அண்மையில் இந்தியாவில் வாட்டில் இருந்தேன்” என்று முதலிலேயே சொல்லுங்கள். இதற்கு இரண்டு காரணம். முதலாவது, மருந்துக்கு அடங்காத கிருமிகள். 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரித்தானிய ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், என்.டி.எம்-1 (என்.டி. என்பது ‘நியூ டெல்லி’) என்ற மரபணு கொண்ட கிருமிகள் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போய் வைத்தியம் எடுத்த சிலரோடு பிரித்தானியாவுக்குப் போய்ச் சேர்ந்தது தெரியவந்தது. இந்திய அரசுக்கு அந்தப் பெயரில் டெல்லி இருப்பது பிடிக்கவில்லை. ஆனால் 2012இல் இந்திய மருத்துவ சங்கங்களே சென்னையில் கூடி, கட்டுப்பாடற்ற அன்டிபயோட்டிக் பாவனைக்கு எதிராக ஒரு பிரகடனம் செய்தன. புண்ணில் சீழ் வந்தால் பார்மசியில் ஏதோ ஒரு அன்டிபயோட்டிக்கை வாங்கிப் போடாமல், சீழைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மலேரியா. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால் இங்கத்தைய இளம் டொக்டர்கள் பலருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் நினைவு வருவது டெங்குதான். இந்தியாவில் மலேரியா இன்னும் இருக்கிறது. திரும்பி வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் போன இடத்தைச் சொல்லி மலேரியா இரத்தச் சோதனையையும் கேளுங்கள், அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம்.

சென்னையில் வாங்கிய மருந்து முடிகிறபோது அதே கொம்பனிப் பெயரில் இங்கே தேடி அலையவேண்டாம். சம்மரியிலுள்ள மருந்துப் பெயரைக் காட்டி நிபுணரிடம் புதிய மருந்துத் துண்டு எழுதி வாங்குங்கள். இங்கே கிடைக்காத மருந்து என்றால், கையிலுள்ளது முடிய ஒரு மாதம் இருக்கும்போதே சொல்லுங்கள். மீள்பரிசோதனைக்குக் கட்டாயம் நேரில் போகத்தான் வேண்டுமா, இங்கே எடுத்த ஸ்கானை அனுப்பி வீடியோவில் பார்க்க முடியாதா என்று கேட்டுவிடுங்கள். பல டொக்டர்கள் சரி என்பார்கள், ஒரு விமான ரிக்கெட் காசு மிஞ்சும்.